பணக்கொடை என்கிற கணக்குத் தலைப்பு

1

கோவைக்கு மேற்கே ஆலாந்துறையை ஒட்டிய பூலுவபட்டி, ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அறச்சலூர், நாமக்கல் பக்கம் பரமத்தி வேலூர், கரூரில் இராயனூர். கொங்குப் பகுதியில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கிற ஊர்களில் சில இவை. இந்த ஊர்களின் டீக்கடைகளில் முகாம்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாக்கியம் எப்படியும் வந்து விழும்: "அவங்களுக்கென்னங்க, ஐ.நா. சபைக்காரன் மாசாமாசம் காசு போட்டர்றானுங்களே."

இதில் வன்மம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் பணமும் வெளியிலிருந்தே வருகிறது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அவ்வளவுதான். நம்முடைய வரிப்பணம் இல்லை என்றாகிவிட்டால் நமக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை என்றும் ஆகிவிடுகிறது.

ஆனால் விஷயம் அப்படி இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்திலோ அதன் 1967 நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992இல் சென்னையில் ஓர் அலுவலகம் திறந்தது உண்மைதான். இலங்கைக்குத் திரும்பிப் போகிறவர்கள் தங்கள் விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று பார்ப்பதற்காகத் திறக்கப்பட்டது அது. முகாம்களுக்குச் சோறு போடுவதற்காக அல்ல. முகாமில் உலை எரிவது தமிழ்நாடு அரசு முதலில் செலவு செய்து, மத்திய உள்துறை அமைச்சகம் பிற்பாடு ஈடு செய்கிற பணத்தில். அதாவது திருப்பூரில் பனியன் வாங்குகிறவரும் கோவையில் மோட்டார் பம்பு வாங்குகிறவரும் கட்டுகிற வரியில்.

சரி, இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு குடும்பம் வந்து நிற்கும்போது முதல் வேளைச் சோற்றுக்கு யார் பணம் கொடுப்பது, எந்தக் கணக்கில் எழுதுவது, எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்கிற மூன்று கேள்விகள் எழுகின்றன. இவை நிர்வாகக் கேள்விகள், குமாஸ்தாக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் விட்டுவிடுகிறோம். உண்மையில் வந்து நிற்கிறவர் யார், நமக்கு அவர் என்ன உறவு என்கிற அரசியல் கேள்விக்கான பதில் அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் எழுதப்படுகிறது. பசியை அளப்பதாகச் சொல்லிக்கொள்கிற படிக்கணக்கு பசியை மட்டும் அளப்பதில்லை. அதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

இந்தக் கேள்விகள் கொங்கு நாட்டுக்குப் புதியவை அல்ல. தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொல்லிவந்த 1876-78 பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் கோயமுத்தூரும் சேலமும் உண்டு. 1871 குடிக்கணக்கில் சுமார் 19.7 லட்சமாக இருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1881இல் சுமார் 16 லட்சம். கோயமுத்தூர் ஜில்லாவில் சுமார் 17.6 லட்சம் என்பது 16.6 லட்சமாயிற்று. பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனம் குறைந்திருக்கிறது. இதில் செத்தவர்களும் உண்டு, ஊரைவிட்டு ஓடினவர்களும் உண்டு. கஞ்சித்தொட்டி என்கிற வார்த்தை இன்றுவரை நம் பேச்சில் தங்கிப்போனது சும்மா இல்லை.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்டு டெம்பிள் என்கிற அதிகாரியைச் சென்னை ராஜதானிக்கு அனுப்பினார். 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவைத் தடுத்தவர் இதே டெம்பிள்தான். அதற்காக அவருக்குக் கிடைத்தது ஊதாரி என்கிற பட்டம். மனிதர் பாடம் கற்றுக்கொண்டார். சென்னைக்கு வந்து அவர் நிர்ணயித்த கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் கொஞ்சம் சில்லறைக் காசும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். கல்லுடைக்கிற, மண் சுமக்கிற ஆளுக்கு! பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இதைவிடக் குறைவு. இது உடம்பில் உயிர் தங்கப் போதாது என்று ராஜதானியின் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் எழுதி எழுதிச் சண்டை போட்டார். அதே வருஷம் கூலியைக் கொஞ்சம் உயர்த்தவும் வேண்டி வந்தது.

இந்தச் சண்டையை மனிதாபிமானத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடந்த சண்டையாகப் பார்ப்பது வழக்கம். அது மட்டுமல்ல. எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் ஒருவன் சாகாமலும் இருப்பான், சோம்பேறியாகவும் ஆகமாட்டான் என்கிற கேள்வி அங்கேதான் ஓர் அறிவுத்துறைபோல உருவெடுக்கிறது. சோற்றைத் தேடி வருகிறவன் உண்மையிலேயே பசித்தவன்தானா என்று சோதித்துப் பார்க்க அவனை வீட்டைவிட்டுத் தொலைவில் இருக்கிற முகாமுக்கு வரச்சொல்லி வேலை வாங்க வேண்டும் என்றார்கள். பஞ்சம் பாதி ஜனத்தைப் பெயர்த்தது என்றால் நிவாரணம் மீதியைப் பெயர்த்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்னொரு பணமும் அன்று வந்தது. 1877 ஆகஸ்டில் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு விடுத்த வேண்டுகோளின் பேரில் லண்டன் மேயர் திரட்டிய மேன்ஷன் ஹவுஸ் நிதி. பிரிட்டனிலும் காலனிகளிலும் சேர்ந்த தொகை சுமார் 8 லட்சம் பவுன். சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி அதன் நிர்வாகக் குழுவின் செயலாளர்களில் ஒருவர். இந்த நிதி முக்கியமாகக் கஞ்சி ஊற்றுவதற்குப் போகவில்லை. உயிரைக் காப்பாற்றுவது அரசாங்கத்தின் பொறுப்பு, ஆகவே தர்மப் பணம் துணிமணிக்கும் கூரை போடுவதற்கும் விதைக்கும் மாட்டுக்கும் போகட்டும் என்று பிரித்துக்கொண்டார்கள். உயிர் தரிக்க அரசுப் பணம், எழுந்து நிற்க தர்மப் பணம். இந்தப் பிரிவினையை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் இது தலைகீழாக வரும்.

3

பஞ்சம் முடிந்ததும் 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. அதையொட்டி 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. எப்போது பஞ்சம் என்று அறிவிப்பது, யாருக்கு வேலை கொடுப்பது, வேலை செய்ய முடியாத கிழடு, நோயாளி, கர்ப்பிணி இவர்களுக்கு எப்படிச் சும்மா கொடுப்பது என்றெல்லாம் அதில் எழுதிவைத்தார்கள். இந்தக் கடைசி வகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிராச்சுவிட்டஸ் ரிலீஃப்'. கைம்மாறு கேட்காமல் கொடுக்கும் நிவாரணம் என்று பொருள்.

வாசகர்கள் ஆச்சரியப்படலாம். இந்தப் பெயர் சாகவே இல்லை. இன்றைய பேரிடர் நிவாரண விதிமுறைகளிலும் வெள்ளத்தில் வாழ்வாதாரம் இழந்த குடும்பத்துக்குக் கொடுக்கும் படிக்கு அதே பெயர்தான். 2015இல் வெளியான விதிமுறையில் அது பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைகளுக்கு 45 ரூபாய் என்று இருந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான், அவனுடைய கணக்குத் தலைப்பு போகவில்லை.

இதைக் கேலியாக மட்டும் சொல்லவில்லை. விதித்தொகுப்பால் ஒரு முக்கியமான காரியம் நடந்திருக்கிறது. பசித்தவன் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றாலும், கலெக்டர் என்ன செய்ய வேண்டும் என்பது கலெக்டரின் அன்றைய மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல் எழுத்தில் வந்துவிட்டது. பணமும் முன்கூட்டியே வேண்டும் என்பதற்காக 1878இல் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்பு நிதி என்று ஒதுக்கினார்கள், அதற்காகப் புது வரியும் போட்டார்கள். அந்த வரிப்பணம் ஆப்கன் யுத்தத்துக்குப் போய்விட்டது என்கிற குற்றச்சாட்டும் உடனடியாகவே எழுந்தது. ஆக, பசிக்கென்று முன்கூட்டி எடுத்துவைத்த பணத்தைக் காவல் காப்பதும் ஓர் அரசியல் வேலைதான்.

இன்றைக்கு அவசர உணவுக்குப் பணம் வருகிற வழிகளை மூன்று பைகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் பை, பசி வருவதற்கு முன்பே நிரப்பி வைத்திருப்பது. ஒன்பதாவது நிதிக் குழுவின் பரிந்துரையில் 1990இல் பேரிடர் துயர்துடைப்பு நிதியாகத் தொடங்கி, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குப் பிறகு 2010 முதல் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியாக இருப்பது இது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசு 75 சதம், மாநில அரசு 25 சதம் என்று போடுகிறார்கள். புயலடித்த மறுநாள் தாசில்தார் சமையல்காரரை அமர்த்திச் சாம்பார் சாதம் போட முடிவது இந்தப் பை இருப்பதால்தான்.

இரண்டாவது பை, முதலில் ஒருவர் செலவு செய்து பிறகு இன்னொருவரிடம் வாங்கிக்கொள்வது. முகாம்களுக்கான பணம் இந்த வகை.

மூன்றாவது பை, பசி வந்த பிறகு துண்டேந்துவது. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 1961இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து நாடுகளும் மற்றவர்களும் தாங்களாக விரும்பிக் கொடுக்கிற பணத்தில்தான் நடக்கிறது. யாரும் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது. மேன்ஷன் ஹவுஸ் நிதியின் வாரிசு என்று இதைச் சொல்லலாம்.

4

இரண்டாவது பையைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்போம். 1983 ஜூலைக்கும் 2012 ஆகஸ்டுக்கும் இடையில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அகதிகள் 3,04,269 பேர் என்பது உள்துறை அமைச்சகம் கொடுக்கும் கணக்கு. 1995 மார்ச் வரை அரசு ஏற்பாட்டில் திரும்பிப் போனவர்கள் 99,469 பேர். அதற்குப் பின்னும் பலர் தாங்களாகவே போயிருக்கிறார்கள், வந்தும் இருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 58,000 பேர்.

இவர்களுக்கு மாதாமாதம் கொடுக்கப்படும் தொகைக்கு அரசாங்கத் தமிழில் 'பணக்கொடை' என்று பெயர். முகாமில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே அது வெறும் 'காசு'. 2006இல் குடும்பத் தலைவருக்கு 200 ரூபாயிலிருந்து 400 ஆயிற்று. 2011இல் 1,000 ஆயிற்று, மற்ற பெரியவர்களுக்கு 750, குழந்தைகளுக்கு 400. அடுத்த உயர்வு வர 2021 ஆகஸ்டு ஆயிற்று: 1,500, 1,000, 500. அரிசி தனி. கிலோ 57 பைசா என்கிற விநோத விலை பல காலம் இருந்து, பிற்பாடு இலவசமாயிற்று.

கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டை எடுத்துக்கொண்டால், 2011 கணக்கில் மாதம் 2,550 ரூபாய். 2021 கணக்கில் 3,500. நாளொன்றுக்கு நான்கு பேருக்குச் சுமார் 117 ரூபாய். இதே குடும்பம் 2015 விதிமுறைப்படி வெள்ளத்தில் வாழ்வு இழந்த குடும்பமாக இருந்திருந்தால் நாளொன்றுக்கு 210 ரூபாய் கிடைத்திருக்கும். அது சில வாரங்களுக்குத்தான், இது வருஷக்கணக்கில் நீடிப்பது, அரிசியும் வீடும் சேர்த்தது என்று சொல்லலாம். நியாயம்தான். ஆனால் இன்னொரு வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். அரசின் கணக்குகளில் இயற்கைப் பேரிடர் நிவாரணத்துக்கு 2245 என்கிற தலைப்பு. மறுவாழ்வு என்பது 2235, அதாவது சமூகப் பாதுகாப்பும் நலமும் என்கிற தலைப்பின் கீழ் ஓர் உட்பிரிவு. முதலாவதின் பின்னால் ஒரு சட்டமும் நிதிக் குழுவும் நிற்கின்றன. இரண்டாவதின் பின்னால் அகதிக்கென்று ஒரு சட்டமும் கிடையாது. மத்திய அரசைப் பொறுத்தவரை இந்தச் செலவு புலம்பெயர்ந்தோர், தாயகம் திரும்பியோர் நிவாரணம் என்கிற பெருந்திட்டத்தின் ஒரு கிளை. 2021-22 முதல் 2025-26 வரை நீட்டித்து 1,452 கோடி ரூபாய் என்று அதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள். இது முகாம் தமிழர்களுக்கு மட்டுமான பணமல்ல, வேறு பல பிரிவினருக்கும் சேர்த்து. நாற்பது வருஷமாக இருக்கிற ஒரு பசிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆயுள் நீட்டிப்பு!

2011க்கும் 2021க்கும் இடையே பருப்பு, எண்ணெய், காஸ் விலை என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். அகவிலைப்படி என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது அரசு ஊழியருக்கு உண்டு. கொடைக்கு அகவிலை கிடையாது. கொடுப்பவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது உயரும். மார்செல் மாஸ் என்கிற பிரெஞ்சு அறிஞர் 1925இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இனாமான கொடை என்று உலகில் எதுவும் இல்லை, வாங்குகிறவர் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவராகிறார் என்று காட்டினார். முகாம்வாசி எதைத் திருப்பிக் கொடுக்கிறார்? தன் இருப்பைக் கொடுக்கிறார். செக்கிங் நாளன்று வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காசு நிற்கும், பெயரும் போகலாம். பெயின்ட் வேலைக்குப் பல்லடம், கோவை என்று வெளியூர் போனவர் அன்றைய கூலியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து நிற்கிறார். "காசுக்காக இல்லை அண்ணை, பேருக்காக" என்கிற பதிலை முகாமில் பேசிப் பார்த்தவர்கள் கேட்டிருக்கலாம். அந்தப் பதிவேட்டில் இருக்கிற பெயர்தான் அவர் இந்த நாட்டில் இருப்பதற்கான அத்தாட்சி. தலையெண்ணிக் கொடுப்பது தலையை எண்ணுவதற்காகவும்தான்.

1991 மே 21க்குப் பிறகு இது இன்னும் இறுகியது. ஈழ அகதிகளே 1984இல் சந்திரஹாசன் தலைமையில் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட மறுவாழ்வுக் கழகம் உட்படத் தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் வேலை செய்வதற்குப் பல கட்டுப்பாடுகள் வந்தன. தர்மப் பணம் வாசலில் நின்றது. அரசுப் பணம் ஒன்றே உள்ளே வந்தது, கூடவே அரசின் கண்ணும் வந்தது.

5

இங்கே ஓர் ஒப்பீடு அவசியம். கொங்கிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் இலங்கையிலிருந்து வந்த இன்னொரு கூட்டத்தைப் பார்க்கலாம். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர்களை ஏற்றுக்கொள்வதாக இந்தியா சொன்னது. அப்படி வந்தவர்களின் பெயர் அகதி அல்ல, 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது, அதுதான் பிற்பாடு டான்டீ. 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. வேலை, கடன், குடியுரிமை எல்லாம் காகிதத்திலாவது இருந்தன. நடைமுறையில் அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. சம்பளம் போதாமை, வீடு இல்லாமை, கடன் என்ற பெயரில் இடைத்தரகர்கள் அடித்த கொள்ளை என்று அது நீளும். ஆனாலும் கணக்குத் தலைப்பு அவர்களை எழுந்து நிற்கப் போகிறவர்களாகப் பார்த்தது.

1983க்குப் பிறகு படகில் வந்தவர்களிலும் மலையக வம்சாவளியினர் கணிசமாக உண்டு. 1977, 1983 வன்முறைகளில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறி, அங்கேயும் இருக்க முடியாமல் வந்தவர்கள். ஒரே தோட்டத்து லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பிராவில் பிறந்த அண்ணன் தம்பிகள் என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் 1974இல் வந்த அண்ணன் இந்தியக் குடிமகன். படகில் 1984இல் வந்த தம்பி அகதி. அண்ணனுக்குக் கிடைத்தது மறுவாழ்வு, தம்பிக்குக் கிடைத்தது நிவாரணம். பசி ஒன்றுதான், பாட்டனும் ஒருவன்தான். மாறியது புத்தகத்தின் பக்கம் மட்டும்.

இப்போது மேன்ஷன் ஹவுஸ் கணக்கை நினைத்துப் பார்க்கலாம். அன்று உயிர் தரிக்க அரசுப் பணமும் எழுந்து நிற்கத் தர்மப் பணமும் வந்தன. தம்பியின் முகாமிலோ உயிர் தரிப்பதற்கு மாதாமாதம் வந்து சேர்வதன் பெயரே கொடை. எழுந்து நிற்பதற்கு யார் பணமும் நெடுங்காலம் வரவில்லை. 2021இல்தான் 231.54 கோடி ரூபாயில் 7,469 வீடுகளை இடித்துக் கட்டுவது என்கிற அறிவிப்பும், அகதி முகாம் என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றுகிற அறிவிப்பும் வந்தன. பெயர் மாற்றத்தைச் சிலர் கிண்டல் செய்தார்கள். தலைப்பு எவ்வளவு முக்கியம் என்று இதுவரை படித்தவர்கள் கிண்டல் செய்யமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆனால் பெயரோடு அந்தஸ்தும் மாறியதா என்பதுதான் கேள்வி.

6

கொடையைக் குறை சொல்வது சுலபம். அதற்கு முன்னால் கொடைகூட இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் முகாம்களில் பத்து லட்சத்துக்குச் சமீபமான ரோஹிங்கியா மக்கள் மூன்றாவது பையை நம்பி இருக்கிறார்கள். 2023 மார்ச்சில், நாடுகள் கொடுத்த பணம் போதவில்லை என்று உலக உணவுத் திட்டம் தலைக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுப் படியை 10 ஆக்கியது. ஜூனில் 8 ஆக்கியது. 8 டாலர் என்றால் ஒரு நாளைக்கு 27 சென்ட். 2024இல் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் அந்த மக்களின் பசி கூடவுமில்லை, குறையவுமில்லை. உலகத்தின் கவனம் உக்ரைனுக்கும் வேறு இடங்களுக்கும் போயிற்று, அவ்வளவுதான். டெம்பிள் ஒரு கொள்கையை வைத்துக்கொண்டு படியைக் குறைத்தார். இங்கே கொள்கைகூட இல்லை, கல்லாவில் காசில்லை.

பவானிசாகரில் அப்படி நடக்கவில்லை. சென்னையில் ஆட்சிகள் மாறின, டில்லியில் மாறின, விரோதமும் அனுதாபமும் மாறிமாறி அடித்தன. படி போதாமல் இருந்தது, தாமதமாக உயர்ந்தது, ஆனால் நன்கொடையாளர் அலுத்துப்போனார் என்பதற்காக மூன்றில் ஒரு பங்கு வெட்டு விழவில்லை. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக இருப்பதன் பலம் இது. அந்த வகையில் நம் டீக்கடை நண்பர் ஐ.நா. சபைக்காரனுக்குக் கொடுக்கிற பெருமை உண்மையில் அவருக்கே சேர வேண்டியது.

பணமும் தானியமும் இருந்தும் எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதை 2020இல் நம் ஊரிலேயே பார்த்தோம். மார்ச் 25இல் ஊரடங்கு. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை ஃபவுண்டரிகளிலும் நூல் மில்களிலும் வேலை பார்த்த பீகார், ஒடிசா, ஜார்க்கண்டுத் தொழிலாளர்களிடம் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இல்லை. அவர்களுடைய கார்டு ஊரில், வயிறு இங்கே. மார்ச் 28இல் உள்துறை அமைச்சகம் விதியைத் தளர்த்தி, பேரிடர் நிதியிலிருந்து இவர்களுக்கு உணவும் தங்குமிடமும் தரலாம் என்றது. முதல் பை முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்ததால் மூன்று நாளில் அது சாத்தியமாயிற்று. ஆனால் கார்டு இல்லாத எட்டுக் கோடிப் பேருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் என்கிற தனித்திட்டம் அறிவிக்கப்பட்டது மே 14இல். ஐம்பது நாள் கழித்து! கிடங்குகளில் தானியம் இல்லாமலா இருந்தது? பஞ்சங்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது உணவல்ல, அதைப் பெறுவதற்கான பாத்தியதை என்று அமர்த்தியா சென் 1981இலேயே எழுதியதை ஐம்பது நாள் நேரில் பார்த்தோம். ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜூன் 29இல் உச்ச நீதிமன்றம், பெருந்தொற்று முடியும்வரை புலம்பெயர் தொழிலாளர்களுக்குச் சமூகச் சமையல்கூடங்களை நடத்துமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வந்தவர்கள் குடிமக்கள் என்பதால் கடைசியில் கோர்ட்டின் கதவு திறந்தது. பூலுவபட்டியில் இருப்பவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

7

தொகுத்துச் சொன்னால் மூன்று படிகள் தெரிகின்றன. துண்டேந்திச் சேர்க்கிற தர்மம், அரசாணையால் வருகிற கொடை, சட்டத்தால் வருகிற பாத்தியதை. தர்மத்தைவிடக் கொடை மேல், ஏனென்றால் நாளைக்கும் வரும். கொடையைவிடப் பாத்தியதை மேல், ஏனென்றால் வராவிட்டால் கேட்கலாம். கொங்கு முகாம்கள் நாற்பது வருஷமாக நடுப்படியில் நிற்கின்றன.

உடனே செய்யக்கூடியவை சில உண்டு. படியை விலைவாசியோடு கட்டிவிட வேண்டும், பத்து வருஷம் காத்திருக்கக் கூடாது. செக்கிங்கையும் சோற்றையும் பிரிக்க வேண்டும். காவல் துறைக்குக் கணக்கு வேண்டுமென்றால் அது தனியாக எடுத்துக்கொள்ளட்டும், அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து எடுக்க வேண்டாம். ஐந்து வருஷ நீட்டிப்புக்குப் பதில் நிதிக் குழுவின் கணக்கிலேயே நிரந்தர இடம் வேண்டும்.

ஆனால் இவை எல்லாம் செய்தாலும் அடிப்படை மாறாது. அவசரகால உணவு என்பது ஒரு பாலம். ஆற்றைக் கடப்பதற்குத்தான் பாலம், அதன்மேல் குடியிருப்பதற்கல்ல. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. முகாமில் பிறந்து, கோபிக்காரர் மாதிரியே பேசி, இங்கேயே பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் முப்பது வயதுக்காரருக்கு அது இல்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி முகாமைச் சேர்ந்த மலையக வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில், அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. அதாவது இனி அவர்கள் குற்றவாளிகள் அல்ல. குடிமக்களும் அல்ல.

சோறு போடுகிறோமே, போதாதா என்று கேட்கலாம். போடுகிற சோறு அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவும் உதவுகிறது என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு மாதமும் பணக்கொடையைக் கையெழுத்திட்டு வாங்கும்போது அவர்கள் இன்னொரு மாதத்துக்கு விருந்தாளிகளாக உறுதி செய்யப்படுகிறார்கள். கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்த ஒறம்பரையை எத்தனை நாள் வைத்துக் கவனித்தாலும் ஒறம்பரை என்றுதான் சொல்வோம், மரியாதையாகத்தான் சொல்வோம். ஆனால் நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டவரிடம் "ஏனுங்க, எப்பப் பொறப்படறீங்க?" என்று கேட்கிறவர்கள் உண்டென்றால், மரியாதை எங்கோ தவறிவிட்டது என்று அர்த்தம். அவர் பெயரைக் குடும்ப அட்டையில் எழுதிவிட்டால் அப்புறம் யாரும் அவருக்குக் கொடை கொடுக்க வேண்டியதில்லை. நம்மைப் போல அவரும் ரேஷன் கடை வரிசையில் நின்று எடை குறைகிறது என்று சண்டை போட்டுக்கொள்வார்.